தாரில் எதைச் சேர்ப்பது, எங்கே சேர்ப்பது

வாளையாறு பக்கம் லாரிகள் ஊர்ந்து நிற்கும் இடங்களில் சாலை சக்கரத் தடத்திலேயே அமுங்கிப் பள்ளமாகிறது. தேவிகுளத்தில் அப்படி இல்லை. அங்கே மேற்பரப்பு மட்டமாகவே இருக்கும். ஆனால் ஆடி மாதம் முடிவதற்குள் ஜல்லி தனித்தனியாகக் கழன்று சாலையோரத்தில் சேர்ந்துவிடும். முன்னது வெயிலும் பாரமும் செய்வது, பின்னது தண்ணீர் செய்வது. இரண்டு இடத்துக்கும் 'மாடிஃபைடு பிட்டுமன்' என்று ஒரே வரியை எழுதி எஸ்டிமேட்டை முடித்துவிடுகிறோம். எந்த நோய் என்று பார்க்காமல் மருந்து எழுதுகிற வேலை அது. சாலை எதனால் கெடுகிறது என்பதைத் தீர்மானித்த பிறகுதான் தாரில் எதைச் சேர்ப்பது என்ற கேள்வியே எழ வேண்டும்.

பாலக்காடு, இடுக்கி எல்லையோரம் வேலை செய்கிறவர்களுக்கு இது மற்றவர்களைவிட அவசியம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதி மழை குறைந்த, வெயில் கொளுத்துகிற மண். மறையூரும் சின்னாறும் மழைமறைவுப் பகுதிகள். அங்கிருந்து மூணாறுக்கு ஏறினால் குளிரும் பெருமழையும். குளிர்காலத்தில் சில அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி படியும். நேரியமங்கலம் வழியாக இறங்கினால் கேரளத்தில் மிக அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்றைக் கடக்க வேண்டும். ஒரே டிவிஷனில் இருக்கும் இரண்டு சாலைகளுக்கு இரண்டு வெவ்வேறு தார் தேவைப்படலாம்.

முதலில் அடித்தாரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

2006 முதல் நம் நாட்டில் தாரை ஊசி இறங்கும் ஆழத்தை வைத்து வகைப்படுத்துவதில்லை. பாகுத்தன்மையை வைத்தே வகைப்படுத்துகிறோம். ஐ.எஸ். 73 தரநிலையின் 2013 பதிப்பில் வி.ஜி.10, வி.ஜி.20, வி.ஜி.30, வி.ஜி.40 என்று நான்கு வகைகள். பாகுத்தன்மையை 60 டிகிரி செல்சியஸில் அளக்கிறார்கள். காற்றின் வெப்பம் 40ஐத் தொடும் நாளில் கறுப்புச் சாலையின் மேற்பரப்பு ஏறக்குறைய 60 டிகிரிக்குப் போய்விடும். சித்தூர் சாலை ஏப்ரல் மதியத்தில் நிற்கும் நிலை இதுதான். அந்த வெப்பத்தில் வி.ஜி.30 தாரின் பாகுத்தன்மை 2,400 முதல் 3,600 பாய்ஸ், வி.ஜி.40 என்றால் 3,200 முதல் 4,800.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2013 விவரக்குறிப்பு, அன்றாடச் சராசரி வெப்பம் உச்சத்தில் 30 டிகிரிக்கு மேல் போகும் இடங்களுக்கு வி.ஜி.30ஐயும், 20 முதல் 30 வரை இருக்கும் இடங்களுக்கு வி.ஜி.20ஐயும் சொல்கிறது. அந்தக் கணக்கில் சமவெளிப் பாலக்காட்டுக்கு வி.ஜி.30, மூணாறுக்கு வி.ஜி.20. நடைமுறையில் டேங்கரில் வந்து இறங்குவது பெரும்பாலும் வி.ஜி.30தான். மூணாறில் வி.ஜி.30 போடுவதால் பெரிய கேடு இல்லை. 'உயர்ந்த தரம்' என்று நினைத்து அங்கே வி.ஜி.40 கேட்பதுதான் தவறு. இரவுக் குளிரில் விறைத்த தார் விரிசல் விடும். விரிசலில் இறங்கும் மழைநீர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வி.ஜி.40க்கு உரிய இடங்கள் வேறு: கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை நுழைவுகள், பாம்பாம்பள்ளம் போன்ற சுங்கச்சாவடிகளை ஒட்டிய நீளங்கள், லாரி நிறுத்துமிடங்கள், சிக்னல் சந்திப்புகள்.

பல இடங்களில் அடித்தாரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே போதும். சேர்க்கைக்கு வேலையே இருக்காது. இதைச் சேர்க்கை விற்க வருகிறவர் சொல்ல மாட்டார்.

வெயிலுக்கும் பாரத்துக்கும்

தார் நெடுநேரம் நிற்கும் பாரத்தைத் தாங்காது, கணநேரப் பாரத்தைத் தாங்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் லாரிக்கு அது கிட்டத்தட்டத் திடப்பொருள்போல நடந்துகொள்ளும். அதே லாரி வரிசையில் நின்றால் கெட்டியான திரவமாகி மெல்ல ஒதுங்கும். அதனால்தான் தடப்பள்ளம் ஓடும் நீளத்தில் வராமல் நிற்கும் இடத்தில் வருகிறது. இதற்கு வேண்டியது இரண்டு குணங்கள்: உயர்ந்த வெப்பத்தில் விறைப்பு, அமுங்கியது மீண்டு எழும் நெகிழ்வு. ஆய்வகத்தில் டைனமிக் ஷியர் ரியோமீட்டர் என்ற கருவி இந்த இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும். புதுத் தாரில் அது 1.0 கிலோபாஸ்கலுக்கும், அடுப்பில் முதுமையூட்டிய தாரில் 2.2 கிலோபாஸ்கலுக்கும் குறையக் கூடாது என்பது உலகெங்கும் பழகிய எல்லை. எந்த வெப்பம் வரைக்கும் தார் இந்த எல்லையைத் தாண்டி நிற்கிறதோ, அதுவே அதன் வெயில் வரம்பு. பாலிமர் தார்களுக்கான ஐ.எஸ். 15462 தரநிலையின் 2019 பதிப்பில் 64, 70, 76, 82 என்று வரும் வகை எண்கள் குறிப்பது அந்த வரம்பைத்தான்.

விறைப்பையும் நெகிழ்வையும் ஒன்றாகத் தருவது எஸ்.பி.எஸ். என்ற பாலிமர். தாரின் எடையில் 3 முதல் 5 சதவீதம் சேர்த்தால், அது தாரிலுள்ள எண்ணெய்ப் பகுதியை உறிஞ்சி உப்பி, உள்ளுக்குள் ஒரு வலைபோலப் பின்னிக்கொள்ளும். மென்மையாகும் வெப்பநிலை ஏறும். இழுத்து விட்டால் திரும்பும். கொண்டை ஊசி வளைவுகளில் இது விலைக்குத் தகுந்த சரக்கு. போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் 17 வளைவுகளிலும் சரி, மேலே பூப்பாறை வழி மூணாறு போகும் சாலையிலும் சரி, சக்கரம் சாலையை அமுக்குவதோடு நிற்பதில்லை. பிரேக் பிடித்துத் திரும்பும்போது மேற்பரப்பைப் பக்கவாட்டில் பிடித்து இழுக்கிறது. வெறுமனே விறைத்த தார் அந்த இழுப்பில் கிழியும், நெகிழ்வுள்ளது தாக்குப்பிடிக்கும்.

ஈ.வி.ஏ. போன்ற பிளாஸ்டிக் வகைப் பாலிமர்கள் விறைப்பைத் தரும், நெகிழ்வைத் தருவதில்லை. கஞ்சிக்கோட்டில் லாரி நிற்கும் தளத்துக்கு அவை போதும். மலையில் வேண்டாம்.

பழைய டயரை அரைத்த ரப்பர்த் தூளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெண்டர்களில் அதிகம் தென்படுவது அதுதான். வல்கனைஸ் செய்த ரப்பர் தாரில் உருகாது. எண்ணெயை உறிஞ்சி உப்பும், அவ்வளவே. ஆகவே அது எப்போதும் தாரில் கரையாமல் கிடக்கும் துகள்தான். கிளறாமல் விட்டால் அடியில் தங்கும். டேங்கில் கிளறி ஓடாத பிளான்டில் ரப்பர்த் தூள் தாரை வாங்கினால் முதல் லோடுக்கு வெறும் தாரும் கடைசி லோடுக்கு ரப்பர்ச் சேறும் வரும். கிளறி இருக்கிறதா, ஓடுகிறதா என்று நேரில் பார்க்காமல் இந்தச் சரக்குக்கு ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

தண்ணீருக்கு

நம் பகுதியின் பெரிய எதிரி இதுதான். காரணம் மழை மட்டும் இல்லை, கல்லும்தான். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் குவாரிகள் உடைப்பது பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட், கிரானைட் வகைப் பாறை. சிலிக்கா மிகுந்த இந்தப் பாறைகளின் பரப்பு அமிலத் தன்மை உடையது. தாரைவிடத் தண்ணீரையே அதிகம் விரும்பும். உலர்ந்திருக்கும்போது தார் நன்றாகப் பிடித்திருப்பதுபோலத் தெரியும். தண்ணீர் நுழைந்ததும் கல் தாரை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே ஓடும் சக்கரம் அந்தத் தண்ணீரை அழுத்தி அழுத்தி மீதியையும் உரிக்கும். சுண்ணாம்புப் பாறை ஜல்லியாக இருந்தால் இந்தத் தொல்லை இவ்வளவு இராது.

சுண்ணாம்புப் பாறையை ஜல்லியாகக் கொண்டுவர முடியாது, ஆனால் சுண்ணாம்பைக் கொண்டுவரலாம். நீற்றிய சுண்ணாம்புத் தூளை ஜல்லி எடையில் சுமார் 2 சதவீதம் நிரப்புப் பொருளாகச் சேர்க்க விவரக்குறிப்பே இடம் தருகிறது. அதிலுள்ள கால்சியம் கல்லின் பரப்பில் ஒட்டி, தாரிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத உப்பாகிறது. கூடவே தாரை லேசாக விறைப்பாக்கும், முதுமையடைவதைத் தாமதப்படுத்தும். ஒரு பொருள், மூன்று பயன், குறைந்த விலை. ஆனாலும் இதைப் பயன்படுத்துகிற பிளான்டுகள் குறைவு. தூள் பறக்கும், தனி சைலோ வேண்டும், தொழிலாளியின் கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது என்பவை சொல்லப்படும் காரணங்கள். கண்ணாடி, கையுறை கொடுத்தால் தீரக்கூடியவை. அதே நிரப்புப் பொருளாக சிமென்டையும் போடலாம். வாளையாற்றிலேயே அரசின் மலபார் சிமென்ட்ஸ் ஆலை இருக்கிறது. ஆனால் கல்லும் தாரும் ஒட்டுவதற்கு நீற்றிய சுண்ணாம்பே மேல்.

இரண்டாவது வழி திரவ ஒட்டுச் சேர்க்கை. அமீன் வகை என்றால் மூலக்கூறின் தலை கல்லைப் பிடிக்கும், கொழுப்பு வால் தாரில் கரையும். அளவு மிகக் குறைவு, பெரும்பாலும் தாரின் எடையில் 0.5 சதவீதத்துக்குள். சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. 160 டிகிரித் தாரில் நாள்கணக்கில் கிடந்தால் அமீன் வலுவிழக்கும். மழைக்காக வேலை நிற்கும், டேங்கை அணைத்து மறுபடி சூடாக்குவார்கள், மறுபடி மழை. மலையில் இது சகஜம். அதனால் திங்கள்கிழமை கலந்த சேர்க்கை வெள்ளிக்கிழமைக் கலவையில் பெயருக்குத்தான் இருக்கும். அன்றைய வேலைக்கு வேண்டியதை அன்றே கலக்கச் சொல்லுங்கள். ஆர்கனோசிலேன் வகைச் சேர்க்கைகள் வெப்பத்தை இதைவிட நன்றாகத் தாங்கும், அளவும் இன்னும் குறைவு. ஆனால் அளவு குறையக் குறையப் பிழைக்கு இடம் கூடும். டன்னுக்கு ஒரு கிலோ போட வேண்டியதைக் குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது.

சோதனைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரித் தண்ணீரில் 24 மணி நேரம் மூழ்கவைத்துப் பார்ப்பது ஐ.எஸ். 6241 முறை, பூச்சு குறைந்தது 95 சதவீதம் நிற்க வேண்டும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம். பிளான்டிலேயே ஒரு ஸ்டவ் வைத்துச் செய்துவிடலாம். குவாரி மாறினால் மறுபடியும் செய்யுங்கள். ஒரு கல்லுக்குப் பலித்தது அடுத்த கல்லுக்குப் பலிக்க வேண்டும் என்பதில்லை. பெரிய வேலைகளுக்கு நனைந்த மாதிரியின் இழுவலிமை உலர்ந்த மாதிரியினுடையதில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

ஓடை இல்லாத சாலைக்கு இவை எதுவும் உதவாது. தேயிலைத் தோட்டச் சரிவிலிருந்து ஊற்று சாலைக்கு அடியில் வரும் இடங்களில் தாரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, உட்பக்க ஓடையையும் கல்வெர்ட்டையும் பற்றிப் பேசுங்கள். வருடம் முழுக்க நீர் கசியும் சில நீளங்களில் இன்டர்லாக் கற்களே சரி.

பிளாஸ்டிக்

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை இது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் செய்த மாற்றம் எளிமையானது: பிளாஸ்டிக்கைத் தாரில் கரைக்க முயலாமல், சூடான ஜல்லியின் மேல் தூவினார். 160, 170 டிகிரியில் இருக்கும் கல்லின் மேல் விழுந்த துணுக்கு உருகி மெல்லிய தோலாகப் படியும். அதன் பிறகு தார் போகும். கல்லின் நீர்நாட்டம் மறைக்கப்படுவதால் உரிதல் குறைகிறது, கலவையின் உறுதி கூடுகிறது. அதாவது இதைத் தாரின் குணத்தை மாற்றும் சேர்க்கை என்பதைவிடக் கல்லின் குணத்தை மாற்றும் சேர்க்கை என்று கொள்வதே பொருத்தம். எஸ்.பி.எஸ். தரும் நெகிழ்வை இதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இந்திய சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) 2013இல் இதற்கென்று தனி வழிகாட்டியாக எஸ்.பி. 98ஐ வெளியிட்டது. தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் என்பது வழக்கமான அளவு. ஒரு பஞ்சாயத்துச் சாலைக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம்: அகலம் 3.75 மீட்டர், கனம் 25 மில்லிமீட்டர், நீளம் 1 கிலோமீட்டர். கலவை சுமார் 215 டன். அதில் 5 சதவீதம் தார் என்றால் 10.8 டன், பிளாஸ்டிக் 650 முதல் 860 கிலோ. ஹரிதகர்மசேனைப் பெண்கள் வீடு வீடாகச் சேகரிக்கும் பிளாஸ்டிக்கை அரைத்து, க்ளீன் கேரளா கம்பெனி சாலை வேலைக்குத் தருகிறது. ஆகவே சரக்குக்கு அலைய வேண்டியதில்லை. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். பி.வி.சி. கலந்திருக்கக் கூடாது, சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், அருகில் நிற்பவருக்குக் கெடுதல். மண்ணும் உணவு மிச்சமும் ஒட்டியிருக்கக் கூடாது. ஈரம் இருக்கக் கூடாது. ஜூன் மாதம் திறந்த ஷெட்டில் கிடந்த மூட்டையை வாங்காமலே இருப்பது நல்லது.

பஞ்சாயத்துச் சாலைகளுக்கு, அதிலும் மழைப் பகுதிக்கு, இது நல்ல தீர்வு என்பது என் கருத்து. மூணாறுக் குளிரில் அளவைக் கூட்டிப் போட்டு விறைப்பாக்காமல், கீழ் எல்லையிலேயே நில்லுங்கள்.

இயற்கை ரப்பர்

கேரளத்தில் தாரில் ரப்பர் சேர்ப்பது புதிதில்லை. 1970களிலேயே கோட்டயம்–குமுளி சாலையில் ரப்பர் வாரியத்தின் சோதனை நீளங்கள் போடப்பட்டன. வழக்கமான அளவு தாரின் எடையில் 2 சதவீதம் உலர் ரப்பர். மென்மையாகும் வெப்பநிலை ஏறும், நெகிழ்வு வரும், வெயிலுக்கும் குளிருக்கும் இடையில் தாரின் குணம் முன்போல ஒரேயடியாக மாறாது.

பாலாக, அதாவது லேட்டக்ஸாகச் சேர்ப்பவர்கள் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு டன் தாருக்கு 20 கிலோ உலர் ரப்பர் வேண்டும். செறிவூட்டிய லேட்டக்ஸில் 60 சதவீதமே ரப்பர் என்பதால் அது சுமார் 33 கிலோ லேட்டக்ஸ். அதில் 13 கிலோ தண்ணீர். 140 டிகிரிக்கு மேல் கொதிக்கும் தாரில் 13 லிட்டர் தண்ணீர் விழுந்தால் நுரை பொங்கி வழியும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் தார் இருக்கக் கூடாது, லேட்டக்ஸை நூலாக விட வேண்டும், கிளறி நிற்கக் கூடாது. இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் தீ விபத்து எப்போது வேண்டுமானாலும் வரலாம். சிறு ஒப்பந்தக்காரருக்கு நான் சொல்வது: களத்தில் கலக்காதீர்கள், ஆலையிலேயே கலந்த ரப்பர்த் தாரை வாங்குங்கள்.

இன்னொன்று, இயற்கை ரப்பரின் சங்கிலி வெப்பத்திலும் காற்றிலும் அறுபடும். அதிக வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால் நெகிழ்வெல்லாம் போய், தார் முன்பைவிட இளகிக்கூடப் போகலாம். அடுப்பை ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைக்கும் பாய்லர்காரர்தான் இந்தச் சரக்கின் முதல் எதிரி.

ஏற்றமும் தூரமும்

பிளான்ட் அடிவாரத்தில், வேலை மலை மேல். இடையில் ஒன்றரை மணி நேர ஏற்றம். வி.ஜி.30 கலவை விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, உருட்டி முடிக்கும்போது 90க்குக் குறையக் கூடாது. மூணாறுக் காற்றில் 25 மில்லிமீட்டர் கனத்துக்கு விரித்த கலவை சில நிமிடங்களிலேயே ஆறிவிடும். ரோலர் வருவதற்குள் ஆறிய கலவையில் இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளியில் தண்ணீர் புகும். இதை ஈடுகட்டக் கீழேயே 185 டிகிரிக்குச் சூடாக்கி அனுப்புகிறார்கள். தார் அங்கேயே கருகி முதுமையடைந்துவிடுகிறது. மேலே வந்து சேர்வது புதுச் சாலைக்கான பழைய தார்.

இதற்கான சேர்க்கை வார்ம் மிக்ஸ் வகை, ஐ.ஆர்.சி.யின் எஸ்.பி. 101 அதற்கான வழிகாட்டி. கலக்கும் வெப்பத்தை 20, 30 டிகிரி குறைத்தாலும் கல்லில் தார் நன்றாகப் படியும். மலைக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய லாபம், வழக்கமான வெப்பத்திலேயே கலந்து அனுப்பினாலும் ஆறிய பிறகும் கலவை உருட்டலுக்கு இணங்கும் என்பது. மெழுகு வகை, ஜியோலைட் வகை, வேதிப்பரப்பு வகை என்று சந்தையில் மூன்று உண்டு. மெழுகு ஆறியதும் விறைக்கும்: பாலக்காட்டுக்கு நல்லது, மூணாறுக்கு ஆகாது. ஜியோலைட் தன்னுள் இருக்கும் நீரை விட்டுத் தாரை நுரைக்கவைக்கும். ஏற்கெனவே ஈரக் கல்லோடு போராடும் இடத்தில் இன்னும் கொஞ்சம் நீர் எதற்கு? வேதிப்பரப்பு வகைகளில் பல ஒட்டுச் சேர்க்கையாகவும் வேலை செய்யும். இடுக்கி மலைப்பகுதிக்கு என் தேர்வு அதுதான்.

ஒன்றோடொன்று சேராதவை

சில தார்களைப் பாலிபாஸ்பாரிக் அமிலம் சேர்த்து விறைப்பாக்கியிருப்பார்கள். அதில் சுண்ணாம்பையோ அமீனையோ போட்டால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிடும். இரண்டுக்கும் கொடுத்த காசு வீண். தார் விற்பவரிடம் அமிலம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பாலிமர் தாரை வேறு ஆலையின் தாரோடு ஒரே டேங்கில் கலக்காதீர்கள். பாலிமர் பிரிந்து மேலே மிதக்கலாம். பிரிகிறதா என்று பார்க்கும் சோதனை: குழாயில் ஊற்றி 163 டிகிரியில் 48 மணி நேரம் நிறுத்தி, மேல் பகுதியும் கீழ்ப் பகுதியும் மென்மையாகும் வெப்பநிலையை ஒப்பிடுவது. வித்தியாசம் 3 டிகிரியைத் தாண்டக் கூடாது.

மாதிரி எடுப்பது டேங்கரிலிருந்து மட்டும் போதாது. பேவருக்கு முன்னால் டிப்பரிலிருந்தும் கலவையை எடுத்து, தாரைப் பிரித்துப் பாருங்கள். டேங்கரில் தேறிய தார், பிளான்டில் கருகியோ ரப்பர் அடியில் தங்கியோ வந்திருந்தால் அங்கேதான் தெரியும். மாதிரி டப்பாவில் தேதி, டிப்பர் எண், போட்ட இடத்தின் செயினேஜ், அப்போதைய வெப்பம், சேர்க்கையின் பெயர், சதவீதம் ஆகியவற்றை எழுதி மூடி முத்திரையிடுங்கள். ஒரு டப்பாவைக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை அலுவலகத்தில் வைத்திருங்கள்.

மழைக்காலக் குழியடைப்புக்கு இந்த அத்தியாயத்தில் சொன்ன சூடான கலவைகள் எதுவும் ஆகாது. அதற்கு எமல்ஷன் கலந்த குளிர் கலவை வேண்டும். குழியின் ஓரத்தைச் சதுரமாக வெட்டி, தண்ணீரை இறைத்து, தளர்ந்த ஜல்லியை வாரிவிட்டுப் போட வேண்டும்.